வேலை பெங்களூரில், வாசம் பினாங்கில்

பெங்களூரின் மென்பொருள் அலுவலகங்களில் ஒரு கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. வேலைக்கு லேப்டாப்பும் இணையமும் போதும் என்றால், அதை ஒயிட்ஃபீல்டில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டுமா? மலேசியாவின் பினாங்கிலோ போர்ச்சுகலின் லிஸ்பனிலோ ஆறு மாதம் தங்கி, ஊர் பார்த்துக்கொண்டே சம்பளமும் வாங்க முடியாதா?

முடியும். ஆனால் இதை ஒரே கேள்வியாகக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த நாட்டில் தங்கி வேலை செய்ய அந்த நாடு அனுமதிக்கிறதா? அங்கிருந்து வேலை செய்ய நம் நிறுவனம் அனுமதிக்கிறதா? அங்கே இருந்தபடி ஈட்டிய பணத்துக்கு எந்த நாட்டில் வரி கட்ட வேண்டும்? முதல் கேள்விக்கு விடை குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை வேலை ஒப்பந்தத்தில். மூன்றாவதற்கு இரண்டு நாடுகளின் வரிச் சட்டங்களில். ஒன்றில் கிடைத்த அனுமதி இன்னொன்றில் செல்லாது. ஆகவே மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

மூன்று விதமான ஏற்பாடு

வெளிநாட்டு வேலை பெங்களூருக்குப் புதிதல்ல. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்நகரில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. இங்கே செய்த வேலை செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அமெரிக்கா போனது. பொறியாளர் இங்கேயே இருந்தார், வேலை மட்டும் எல்லை தாண்டியது. இது முதல் ஏற்பாடு.

1990களில் இரண்டாவது ஏற்பாடு பெருகியது. அதற்கு ‘ஆன்சைட்’ என்று பெயர். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்யப் பல்லாயிரம் பேர் தேவைப்பட்டபோது, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பொறியாளர்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். இதில் ஆளும் வேலையும் சேர்ந்தே எல்லை தாண்டின. அனுப்பியது நிறுவனம் என்பதால் விசா, காப்பீடு, அந்த நாட்டு வரிக் கணக்கு எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொண்டது. பொறியாளர் கையெழுத்துப் போட்டார், விமானம் ஏறினார்.

நாம் பேசும் மூன்றாவது ஏற்பாட்டில் ஆள் எல்லை தாண்டுகிறார், வேலை இங்கேயே இருக்கிறது. நிறுவனம் அவரை அனுப்பவில்லை. அவரே விரும்பிப் போகிறார். எனவே ஆன்சைட்டில் நிறுவனம் சுமந்த காகித வேலைகள் எல்லாம் இப்போது அவர் தலையில் விழுகின்றன. பலர் இதை உணர்வது போன பிறகுதான்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பெங்களூரில் வேலை பார்த்த ஏராளமான தமிழர்கள் சேலத்துக்கும் மதுரைக்கும் கோவைக்கும் திரும்பி, வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். எந்தச் சிக்கலும் வரவில்லை. எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. ஆனால் ஓசூர் எல்லையைத் தாண்டியபோது வருமான வரிச் சட்டம் மாறவில்லை, வருங்கால வைப்பு நிதி மாறவில்லை, வேலை செய்யும் உரிமையும் மாறவில்லை. நாட்டின் எல்லையைத் தாண்டும்போது இவை மூன்றுமே மாறக்கூடும்.

முதல் கேள்வி: அந்த நாடு அனுமதிக்கிறதா?

இந்தியர்களுக்குச் சுற்றுலாவாகப் போவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. உதாரணமாக, 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தோனேசியாவில் இறங்கியதும் சுற்றுலா விசா கிடைக்கிறது. ஆனால் சுற்றுலாவுக்கான அனுமதி என்பது தங்குவதற்கான அனுமதிதான். வேலை செய்வதற்கான அனுமதி அதற்குள் அடங்குவதில்லை.

விடுமுறைக்கு இடையே இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியதற்காக யாரும் விசாரிக்கப் போவதில்லை. மாதக்கணக்கில் தங்கி முழுநேர வேலை பார்ப்பது வேறு விஷயம். வெளிநாட்டு நிறுவனத்துக்காகச் செய்யும் கணினி வேலையும் ‘வேலை’தானா என்பதில் பல நாடுகளின் பழைய சட்டங்கள் தெளிவாக இல்லை. அந்தத் தெளிவின்மை பயணியைக் காக்காது. சந்தேகம் வந்தால் முடிவெடுப்பவர் விமான நிலையத்தில் இருக்கும் குடியேற்ற அதிகாரி. இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2023இல் விசா விதிகளை மீறிய வெளிநாட்டவர் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் புதுவகை விசா ஒன்று பிறந்தது. ஆங்கிலத்தில் டிஜிட்டல் நோமேட் விசா என்கிறார்கள். நாம் தொலைப்பணி விசா என்று சொல்லலாம். ஒரு நாட்டில் தங்கிக்கொண்டு, வேறு நாட்டு நிறுவனத்துக்காக இணையம் வழியே வேலை செய்ய அனுமதிப்பது இந்த விசா. உள்ளூர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர இது பொதுவாக இடம் தராது. எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் இதைத் தொடங்கியது. கொரோனாவால் சுற்றுலா வருமானத்தை இழந்த நாடுகள் பல அதைப் பின்பற்றின.

பெரும்பாலான நாடுகள் கேட்கும் முதல் தகுதி வருமானம். மலேசியாவின் தொலைப்பணித் திட்டத்துக்கு டிஇ ரந்தாவ் என்று பெயர். 2022இல் தொடங்கிய இத்திட்டத்தில் மென்பொருள் போன்ற தொழில்நுட்பப் பணியாளருக்கு ஆண்டு வருமானம் 24,000 டாலர் இருக்க வேண்டும். ரூபாயில் ஏறத்தாழ இருபது லட்சம். 3 முதல் 12 மாதம் வரை அனுமதி தருகிறார்கள், பிறகு நீட்டிக்கலாம். இந்தோனேசியாவின் தொலைப்பணி விசா ஆண்டுக்கு 60,000 டாலர் வருமானம் கேட்கிறது. போர்ச்சுகல் 2022 அக்டோபர் முதல் தரும் விசாவுக்கு, அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் வேண்டும். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 870 யூரோ. ஆக அந்த ஆண்டில் மாதம் 3,480 யூரோ, அதாவது மூன்று லட்சம் ரூபாய்க்கும் மேல். தாய்லாந்து 2024 ஜூலையில் அறிமுகப்படுத்திய விசாவில் கணக்கு வேறு. அங்கே 5 லட்சம் பாட் கையிருப்பைக் காட்ட வேண்டும். விசா ஐந்து ஆண்டு செல்லும், ஒரு முறை போனால் 180 நாள் தங்கலாம்.

இந்த எண்களைப் பெங்களூர்ச் சம்பளத்தோடு பொருத்திப் பார்த்தால் ஒன்று புரியும். சில ஆண்டு அனுபவமுள்ள மென்பொருள் பொறியாளருக்கு மலேசியா எட்டும். போர்ச்சுகலும் இந்தோனேசியாவும் மூத்த பணியில் இருப்பவருக்கே எட்டும். சில கதவுகள் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் திறக்காது. ஜப்பான் 2024 மார்ச்சில் தொடங்கிய ஆறு மாதத் தொலைப்பணி விசாவை 49 நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும் தருகிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

வருமானத்தோடு ஆவணங்களும் வேண்டும். பே ஸ்லிப், வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவக் காப்பீடு ஆகியவை பொதுவானவை. சில நாடுகள் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்கும். அதைப் பாஸ்போர்ட் சேவை மூலமே பெறலாம். பெங்களூர்வாசிகளுக்குரிய மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் கோரமங்களாவில் இருக்கிறது. பட்டச் சான்றிதழுக்கும் திருமணச் சான்றிதழுக்கும் ‘அப்போஸ்டில்’ முத்திரை தேவைப்படலாம். ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்வதற்கான அடையாளம் அது. இந்தியாவில் அதை வெளியுறவு அமைச்சகம் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தாள் வேண்டும்: ‘இவர் இந்த நாட்டிலிருந்து வேலை செய்ய எங்களுக்குச் சம்மதம்’ என்று நிறுவனம் தரும் கடிதம். அது நம்மை இரண்டாவது கேள்விக்குக் கொண்டுபோகும்.

அதற்கு முன் முப்பது வயதைத் தாண்டாதவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கேயே உள்ளூர் வேலை செய்து, சம்பாதித்து, ஊரும் பார்க்க இரண்டு வழிகள் அண்மையில் திறந்திருக்கின்றன. 18 முதல் 30 வயது வரையுள்ள பட்டதாரி இந்தியர்களுக்குப் பிரிட்டன் 2023 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 3,000 வரை இடம் தருகிறது. இரண்டு ஆண்டு தங்கி வேலை செய்யலாம். ஆஸ்திரேலியா 2024 முதல் அதே வயதினருக்கு ஆண்டுக்கு 1,000 விடுமுறைப் பணி விசா தருகிறது. இரண்டுக்கும் குலுக்கல் முறையில்தான் தேர்வு. இவற்றுக்குப் பெங்களூர் நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. ஆனால் இங்குள்ள வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இரண்டாவது கேள்வி: நிறுவனம் அனுமதிக்கிறதா?

மேனேஜர் தலையசைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மேனேஜர் பார்ப்பது வேலை நடக்கிறதா என்பதை. நிறுவனத்துக்கு அதைத் தாண்டிய கவலைகள் உண்டு. அவை என்னவென்று தெரிந்தால், ஹெச்.ஆர். துறை ஏன் தயங்குகிறது என்பதும் விளங்கும்.

முதல் கவலை வாடிக்கையாளரின் தரவு. பெங்களூரில் செய்யப்படும் வேலையில் பெரும்பகுதி வங்கிகள், மருத்துவமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கானது. அவர்களுடைய தரவை எந்த நாட்டிலிருந்து பார்க்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். இந்தியா என்று எழுதியிருந்தால் தாய்லாந்திலிருந்து திறப்பது ஒப்பந்த மீறல். நிறுவனத்தின் கணினி அமைப்பு, உள்நுழைபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பதிவு செய்கிறது. வி.பி.என். போட்டு இடத்தை மறைத்தால், விதிமீறலோடு மறைப்பும் சேர்ந்துகொள்ளும். வேலையை இழக்க அதுவே போதும்.

இரண்டாவது கவலை வரி. ஒரு நிறுவனத்தின் ஊழியர் வெளிநாட்டில் நீண்ட காலம் ஓரிடத்திலிருந்து வேலை செய்தால், அந்த நிறுவனத்துக்கே அங்கே ஒரு கிளை இருப்பதாக அந்நாட்டு வரித்துறை கருத வாய்ப்புண்டு. இதை நிலையான தொழிலகம் என்பார்கள். அப்படிக் கருதப்பட்டால் நிறுவனத்தின் லாபத்தில் ஒரு பங்குக்கு அங்கே வரி கேட்கலாம். வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. 2025 நவம்பரில் இதற்கு ஒரு விளக்கம் வெளியிட்டது. ஒருவர் 12 மாதங்களில் தன் வேலை நேரத்தில் பாதிக்கும் குறைவாக வெளிநாட்டு வீட்டிலிருந்து வேலை செய்தால், அந்த வீடு பொதுவாக நிலையான தொழிலகம் ஆகாது என்பது அதன் சாரம். இது வழிகாட்டல் மட்டுமே. ஒவ்வொரு நாடும் தன் வழியில் முடிவெடுக்கும். இதனால்தான் பல நிறுவனங்கள் ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் அனுமதித்து, அதற்குமேல் மறுத்துவிடுகின்றன.

மூன்றாவது கவலை நேரம். பெங்களூரில் காலை 9.30 மணிக்கு நடக்கும் ஸ்டாண்டப் மீட்டிங், பினாங்கிலும் பாலியிலும் நண்பகல் 12 மணி. லிஸ்பனில் குளிர்காலத்தில் விடியற்காலை 4 மணி. அமெரிக்க வாடிக்கையாளரோடு இங்கே இரவு 8.30க்குப் பேசுபவர், பினாங்கில் இரவு 11 மணிக்கு உட்கார வேண்டும். லிஸ்பனில் அதுவே பிற்பகல். கிழக்கே போனால் பகல் வேலை எளிது, மேற்கே போனால் அமெரிக்க வேலை எளிது. எந்த ஊருக்குப் போவது என்பதைக் கடற்கரையைவிட இந்தக் கடிகாரமே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

காப்பீட்டையும் பார்க்க வேண்டும். நிறுவனம் தரும் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவில் மட்டுமே செல்லும். சுற்றுலாக் காப்பீட்டுக்கு நாள் வரம்பு உண்டு. இரண்டுக்கும் நடுவே விழும் மாதங்களுக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வரி யாருக்கு?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். அலுவலக உணவகத்தில் கேட்கும் பொதுவான பேச்சு இது: ‘இந்தியாவில் 182 நாளுக்குக் கீழே இருந்தால் இங்கே வரி இல்லை.’ இந்தக் கூற்றில் பாதி மட்டுமே சரி.

இந்திய வருமான வரிச் சட்டம் முதலில் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. ஒருவர் வசிப்பாளரா என்று பார்க்கிறது. வசிப்பாளர் என்றால், வரிக் கணக்குக்காக ஒரு நாட்டில் வசிப்பவர் என்று சட்டம் ஏற்றுக்கொண்டவர். இந்தியாவில் வசிப்பாளர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அதைக் கணக்கில் காட்ட வேண்டும். வசிப்பாளர் அல்லாதவர் இந்தியாவில் எழுந்த அல்லது இந்தியாவில் பெற்ற வருமானத்தைக் காட்டினால் போதும்.

வசிப்பாளர் ஆகப் பொதுவாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் ஒருவர் வசிப்பாளர். அது இல்லாவிட்டாலும், அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்திருந்தால் அப்போதும் வசிப்பாளர். வழக்கமாகப் பெங்களூரில் வாழ்பவர் 365 நாள் நிபந்தனையை எளிதாகத் தாண்டிவிடுவார். ஆகவே அவருக்கு உண்மையான வரம்பு 182 அல்ல, 60. வெளிநாட்டில் வேலைக்காக இந்தியாவை விட்டுச் செல்லும் குடிமகனுக்கு அந்த 60ஐ 182 ஆக உயர்த்திச் சலுகை தருகிறார்கள். ஆன்சைட் போனவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தியது. அலுவலகத்தில் பரவிய 182 என்ற எண் அவர்களிடமிருந்து வந்தது. பெங்களூர் வேலையையே எடுத்துக்கொண்டு தன் விருப்பத்தில் போகிறவர் அந்தச் சலுகையைக் கோருவது கடினம். 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டமும் இந்த நாட்கணக்கை அப்படியே வைத்திருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பி.டி.எம். லேஅவுட்டில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு மென்பொருள் பொறியாளர், நிறுவனத்தின் சம்மதத்தோடும் டிஇ ரந்தாவ் அனுமதியோடும் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை பினாங்கில் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை 91 நாள் இந்தியாவில் இருக்கிறார். திரும்பி வந்து ஜனவரி முதல் மார்ச் வரை 90 நாள். மொத்தம் 181. ஒரு நாள் குறைகிறது என்று மகிழ வேண்டாம். அவர் 60 நாளைத் தாண்டிவிட்டார், எனவே இந்திய வசிப்பாளர்தான். மலேசியாவின் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அந்த ஆண்டில் 182 நாள் இருந்தால் அங்கே வசிப்பாளர். ஜூலை முதல் டிசம்பர் வரை 184 நாள். ஆக அதே ஆறு மாதம் அவரை இரண்டு நாடுகளிலும் வசிப்பாளர் ஆக்கிவிட்டது.

இந்த நிலைக்காகத்தான் நாடுகள் தமக்குள் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இந்தியாவும் மலேசியாவும் 2012இல் இப்போதுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன.

முதலாவது, இரண்டு நாடுகளும் ஒருவரை வசிப்பாளர் என்றால் எந்த நாட்டின் பக்கம் அவரைச் சேர்ப்பது என்று வரிசையாகச் சோதிக்கின்றன. அவருக்கு நிரந்தர வீடு எங்கே இருக்கிறது? இரண்டு இடத்திலும் இருந்தால், குடும்பமும் பொருளாதாரத் தொடர்புகளும் எங்கே அதிகம்? அதிலும் முடிவு வராவிட்டால் வழக்கமாக எங்கே வாழ்கிறார், எந்த நாட்டுக் குடிமகன் என்று போகும். நம் பொறியாளர் பி.டி.எம். லேஅவுட் வீட்டைக் காலி செய்யவில்லை. கட்டிய அட்வான்ஸும் சாமான்களும் அங்கேயே இருக்கின்றன. சம்பளமும் வங்கிக் கணக்கும் பெற்றோரும் இங்கே. ஒப்பந்தத்தின் கண்ணில் அவர் இந்தியாவின் வசிப்பாளர். வெறும் செலவாகத் தோன்றும் அந்த வாடகை வரிக் கணக்கில் ஒரு சான்றாகிறது.

இரண்டாவது, சம்பளத்துக்கு எந்த நாடு வரி கேட்கலாம் என்று பிரித்துச் சொல்கின்றன. வேலை செய்த நாடு வரி கேட்கலாம் என்பது பொது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு. மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினால் வேலை செய்த நாடு வரி கேட்காது: தங்கியது 183 நாளைத் தாண்டக் கூடாது, சம்பளம் தருபவர் அந்த நாட்டவராக இருக்கக் கூடாது, அந்த நாட்டில் உள்ள நிலையான தொழிலகம் சம்பளத்தைச் சுமக்கக் கூடாது. நம் பொறியாளர் 184 நாள் இருந்ததால் முதல் நிபந்தனை தவறுகிறது. அந்த ஆறு மாதச் சம்பளத்துக்கு மலேசியா வரி கேட்கலாம். அவர் நவம்பர் இறுதியில் திரும்பியிருந்தால் 153 நாள்தான் ஆகியிருக்கும். மற்ற இரண்டும் பொருந்தினால் இந்தியாவில் மட்டும் வரி கட்டியிருப்பார். 183 நாளை எந்த 12 மாதத்தில் எண்ணுவது என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதைப் படித்துப் பார்த்தே பயணத் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

மலேசியாவில் கட்டிய வரியை இந்தியா கழித்துத்தரும். ஆனால் அது தானாக நடக்காது. பெங்களூர் நிறுவனம் மாதாமாதம் சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். பே ஸ்லிப்பில் வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, கர்நாடகத்தின் தொழில் வரி மூன்றும் வழக்கம்போல் வரும். மலேசியாவின் வரியை அவர் தனியாகக் கட்ட வேண்டும். பிறகு இங்கே வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதற்குரிய படிவத்தையும் வரி கட்டிய சான்றையும் இணைத்துக் கழிவு கேட்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் ஒரே சம்பளத்துக்கு இரண்டு இடத்தில் பணம் போயிருக்கும். அதைத் தாங்கும் கையிருப்பு வேண்டும்.

எங்குமே வரி கட்டாமல் சுற்றலாம் என்ற யோசனையும் சிலரிடம் உண்டு. 2020இல் செய்த திருத்தம் அந்த வழியை அடைத்தது. வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள இந்தியக் குடிமகன், வசிப்பிடம் காரணமாக வேறு எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாவிட்டால், இந்தியாவின் வசிப்பாளராகவே கருதப்படுவார்.

சம்பளம் வாங்காமல் சம்பாதிப்பவர்கள்

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவருக்கு ஹெச்.ஆர். தடை இல்லை. அதற்குப் பதிலாக வேறு கணக்குகள் வரும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலை சேவை ஏற்றுமதி என்று ஏற்கப்பட்டால் ஜி.எஸ்.டி. விகிதம் பூஜ்யம். அதற்கு வேலை செய்பவர் இந்தியாவில் பதிவானவராக இருக்க வேண்டும், வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருக்க வேண்டும், பணம் அந்நியச் செலாவணியாக வந்திருக்க வேண்டும். பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மென்பொருள் ஆலோசகர் போன்ற தொழில்முறையாளருக்கு வருமான வரியில் ஓர் எளிய முறை உண்டு. வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்கமாட்டார்கள். வரவு 50 லட்சம் வரை இது பொருந்தும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. ஆனால் இந்தச் சலுகை இந்திய வசிப்பாளருக்கு மட்டும். நாட்கணக்கு மாறி வசிப்பாளர் நிலை போனால் இதுவும் போகும்.

பயணக் காணொளி போட்டுச் சம்பாதிப்பவர்களும் இதே வட்டத்துக்குள்தான் வருகிறார்கள். அமெரிக்கப் பார்வையாளர் மூலம் வரும் பங்கில் யூடியூப் 2021 முதல் அமெரிக்க வரியைப் பிடிக்கிறது. இந்திய வரி விவரங்களை முறையாகக் கொடுத்தவருக்கு ஒப்பந்தப்படி அது 15 சதவீதம். அதையும் இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம்.

வங்கியும் வைப்பு நிதியும்

அந்நியச் செலாவணிக்கு 1999ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஃபெமா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தச் சட்டமும் வசிப்பாளர் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. ஆனால் அதன் அளவுகோல் வேறு. நாட்களோடு சேர்த்து, ஒருவர் எந்த நோக்கத்தில் போனார் என்பதையும் அது பார்க்கிறது. வெளிநாட்டு வேலைக்காகவோ திரும்பும் காலம் நிச்சயமில்லாமலோ போனவர் தன் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்ற வேண்டும். ஐந்து மாதத்தில் திரும்புவேன் என்று போகிறவருக்கு இது பொதுவாகத் தேவைப்படாது. இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. சொந்தச் செலவுக்காக அனுப்பும் தொகை ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வங்கி முன்கூட்டியே பிடிக்கும். கணக்குத் தாக்கலில் அதைத் திரும்பப் பெறலாம்.

வருங்கால வைப்பு நிதி விஷயத்தில், ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், போர்ச்சுகல் உள்ளிட்ட நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. நிறுவனம் முறையாக அனுப்பியவருக்கு வருங்கால வைப்பு நிதி அமைப்பு ஒரு சான்று தரும். அதைக் காட்டினால் அங்கே இரண்டாவது முறை பிடித்தம் செய்யமாட்டார்கள். தானே விரும்பிப் போனவருக்கு இந்தச் சான்று கிடைக்குமா என்பதை நிறுவனத்திடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படி முடிவெடுப்பது?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. சில வாரங்கள் போய் வருவது பயணம். நிறுவனத்தின் சம்மதமும் பொருத்தமான விசாவும் இருந்தால் அதில் பெரிய சிக்கல் இல்லை. மூன்று முதல் ஐந்து மாதம் என்பது திட்டமிட்டால் செய்யக்கூடியது. ஆறு மாதத்தை நெருங்கும்போது அது குடியேற்றத்தின் கடமைகளைக் கொண்டுவந்துவிடுகிறது. அதைச் சுற்றுலா மனநிலையில் எதிர்கொள்வது ஆபத்து.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு செல்வது என்ற சொற்றொடர், ஆளும் வேலையும் சேர்ந்து போன காலத்தில் எழுதப்பட்டது. இந்திய நிறுவனத்தின் வேலையை வெளிநாட்டிலிருந்து செய்பவருக்கு அது பொருந்துமா என்பதை மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தினால் ஆயிரக்கணக்கானோரின் குழப்பம் தீரும். நிறுவனங்களும் எத்தனை நாள், எந்த நாடுகள் என்று எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருப்பது நல்லது. மேனேஜருக்கு மேனேஜர் மாறும் வாய்மொழி அனுமதி யாரையும் காப்பதில்லை.

போக விரும்புகிறவர்களைத் தடுப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. இளம் வயதில் வேறொரு நாட்டில் வாழ்ந்து பார்ப்பது பெரிய கல்வி. அந்தக் கல்வி வரித்துறை நோட்டீஸோடு முடியக் கூடாது. எனவே விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் மூன்று தாள்கள் கையில் இருக்கட்டும்: வேலை செய்ய அனுமதிக்கும் விசா, நாட்டின் பெயரும் தேதியும் குறிப்பிட்டு நிறுவனம் தந்த கடிதம், இரண்டு நாடுகளின் நாட்கணக்கையும் போட்டு ஆடிட்டர் எழுதித் தந்த குறிப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.